மஞ்சக்குப்பம் ஹோட்டல் படத்தில் ராமலிங்கத்தைத் தேடி

பழைய ஹோட்டல்களைத் தேடிப் போய் எழுதுவது என் கிறுக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஹோட்டலைப் பற்றி 2008-ல் இங்கே எழுதி, நாற்பது படங்கள் போட்டிருந்தேன். போன வருடம் அதை இடித்துவிட்டார்கள். இந்த ஜூனில் (2011) அந்தப் பதிவுக்குக் கீழே செல்வி என்ற பெண் கேட்டிருந்தார்: "எங்க அப்பா ராமலிங்கம் அங்க காய் நறுக்குனவரு. இறந்துட்டாரு. உங்க படத்துல எதுலயாவது இருக்காரா சார்?" எதிலும் இல்லை. தேக்குப் படிக்கட்டுக்கு மட்டும் ஒன்பது படம். வெட்கமாக இருந்தது.

அவர்கள் வீட்டில் வெள்ளம் புகுந்ததில் கல்யாணப் போட்டோ ஊறிப் போய்விட்டதாம். வாக்காளர் அட்டையில் இருப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகஸ்டில் வருஷப் படையல். வைக்க ஒரு முகம் வேண்டும். 2006-ல் உள்ளூர் கேபிள்காரர்கள் அந்த ஹோட்டலைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்கள், அதில் அப்பா வருவார் என்றார் செல்வி. எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்க ஆசை. கிளம்பிவிட்டேன்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, கோயம்பேட்டில் காலை 5.30 பஸ். 190 கி.மீ., 75 ரூபாய். 10.15-க்குக் கடலூர். குறிஞ்சிப்பாடியிலிருந்து செல்வியின் அம்மா அஞ்சலை வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். மஞ்சக்குப்பத்துக்கு ஆட்டோ 40 ரூபாய் (பேரம் பேசுங்கள், 30-க்கு வருவார்கள்).

விளம்பரம் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காக, அங்கே கேபிள் ஆபீசில் ஒளிபரப்பானதை அப்படியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு நிமிடப் படம். சலவைக்கல், தொங்குவிளக்கு, படிக்கட்டு என்று ஒரே புகழ்மாலை. பதினாலாவது நிமிடத்தில் சமையல்கட்டு. காமிராவுக்கு வேண்டியது மேலே இருந்த புகைபோக்கி. கீழே அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தவரின் மேல் ஒரு கிரானைட் கடை விளம்பரப் பட்டை ஓடியது. பட்டைக்கு மேலே அவர் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

படம் எடுத்தவர் சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், பட்டை இல்லாத பிரதி அவரிடம் இருக்கலாம் என்றார்கள். 45 கி.மீ., 16 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு போட்டோகூடவா எடுக்கவில்லை என்று பஸ்ஸில் கேட்டேன். "போட்டோ எடுக்கப் போலாம்னா வெள்ளச்சட்ட வேணும்பாரு. வாங்கலாம், வாங்கலாம்னே போயிடுச்சிங்க" என்றார் அஞ்சலை.

தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ. படம் இருந்த கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. படம் பிடித்த கேசட் இருந்தது, ஆனால் அதில் யாரோ ஒருவரின் கல்யாணம். "கேசட் வெல ஜாஸ்தி சார். எடிட் முடிஞ்சதும் அதும்மேலயே அடுத்தத எடுத்துடுவோம்" என்றார் ஸ்டூடியோக்காரர். கடைசிவரை ஓடவிடச் சொன்னார் அஞ்சலை.

ஐம்பது நிமிடம் முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தைப் பார்த்தோம். அஞ்சலை கண்ணை எடுக்கவேயில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் பாதிச் சிரிப்பில் அறுந்துபோக, கேசட்டின் வாலில் அழியாமல் மிஞ்சியிருந்த சமையல்கட்டு வந்தது. கூடை சுமந்த ஒரு தோள் குறுக்கே நுழைந்தது. "யோவ், குறுக்க வராத, ஓரமாப் போ" என்றது ஒரு குரல். "சரிங்க" என்றது இன்னொன்று. தோள் மறைந்தது. அவ்வளவுதான். கேசட் முடிந்துவிட்டது.

முதல் குரல் யாருடையது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது பேசுனது அவருதாங்க" என்றார் அஞ்சலை. மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு, "ஒங்க கொரல எடுத்துட்டு, அவரு கொரல மட்டும் ஒரு சிடில போட்டுக் குடுங்க தம்பி" என்றார்.

அரைமணி நேரம் புதுக் கம்ப்யூட்டரில் என்னென்னமோ செய்து பார்த்தார் ஸ்டூடியோக்காரர். "பிரிக்க முடியலம்மா. நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னயே அவரு சரிங்கன்னுட்டாரு."

"அவரு அப்படித்தான்" என்று சொல்லி, இரண்டு குரலும் இருந்த சிடியை வாங்கிக்கொண்டார் அஞ்சலை.

போகிறவர்களுக்கு: மஞ்சக்குப்பத்தில் அந்த ஹோட்டலைத் தேடாதீர்கள், தகர வேலிதான் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. எங்கே படமெடுத்தாலும் குறுக்கே வருகிறவரை நகரச் சொல்லாதீர்கள். படிக்கட்டைப் படமெடுத்தபோது நானும் ஒருவரை நகரச் சொன்னேன். அவர் முகம் எனக்கு நினைவில்லை.