ஏழாம் தொட்டியின் குஞ்சுகள்

மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேண்டுமா என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவராவது அன்றைக்குப் பொரித்த குஞ்சைப் பார்த்திருப்பாரோ தெரியாது. நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நீந்தவும் தெரியாது, சாப்பிடவும் தெரியாது. வாய்கூட இன்னும் சரியாகத் திறந்திருக்காது. வயிற்றோடு ஒட்டிய சின்னப் பையில் உள்ள மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் சும்மா கிடக்கும். மன்னாரில் தலைமுறையாகக் கடல்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த நான், இதை அறிவதற்கு மொன்றியல் வரைக்கும் வரவேண்டியிருந்தது.

எங்கள் வீடு ரொக்ஸ்பரோவில். அங்கிருந்து பஸ் எடுத்து, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கும் ஒரு மீன் ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தேன். தொட்டி கழுவும் கை சுத்தமான கை என்று கண்டு, குஞ்சுகளுக்குத் தீனி போடும் வேலையையும் பிறகு தந்தார்கள். கொட் என்ற குளிர்கடல் மீனின் குஞ்சுகள் அவை. அறைக்கு வெளியே ஒரு குளிர், உள்ளே ஒரு குளிர். கோடையிலும் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்கிற ஒரே மன்னார்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு மேலே ஒரு ஆய்வாளர். கெபெக் பெண், என்னைவிட இளையவர். மற்றவர்களோடு படபடவென்று பேசுவார், என்னோடு மட்டும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். குளிர்கடலில் குஞ்சு தப்புவதும் தப்பாததும் எதில் இருக்கிறது என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். ஐஸ் உருகி வெயில் இறங்கும்போது கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும். அதுதான் குஞ்சின் முதல் சாப்பாடு. மஞ்சள் கரு தீரும் நேரத்தில் அது வாய்க்கு முன்னால் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஐஸ் முந்தி உருகிவிடுகிறது. சாப்பாடு முந்தி வந்து முந்திப் போய்விட்டால், பிந்திப் பொரித்த குஞ்சு வெறும் தண்ணீரில் நிற்கும்.

அந்த வசந்தத்தில் ஏழு தொட்டிகள் வைத்தோம். எல்லாவற்றிலும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். முதல் தொட்டிக்குக் கரு தீர்ந்த அன்றே தீனி. இரண்டாம் தொட்டிக்கு ஒரு நாள் பிந்தி. மூன்றாவதுக்கு இன்னும் ஒரு நாள் பிந்தி. அப்படியே ஆறு வரை. ஏழாவதுக்கு ஒன்றும் இல்லை, கடைசி வரைக்கும் பட்டினி. எத்தனை நாள் பட்டினி கிடந்தால், அதற்குப் பிறகு சாப்பாடு கிடைத்தாலும் குஞ்சு தப்பாது என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். அந்த நாளுக்குத் 'திரும்பி வர முடியாத நாள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சாப்பாடு முன்னால் இருக்கும். உயிரும் இருக்கும். ஆனால் சாப்பிடுகிற பலம் இருக்காது" என்றார் ஆய்வாளர்.

நான் கைகளைச் சட்டைக்குள் ஒளித்ததைக் கண்டு, குளிர் என்று நினைத்து ஒரு சோடி கையுறை எடுத்துத் தந்தார். நல்ல மனுசி.

எனக்கு ஒரு மகன் இருந்தான். போரின் கடைசி மாதங்களில் பிறந்தவன். அவன் வயிற்றில் இருக்கும்போதே கணவர் கனடாவுக்கு வந்துவிட்டார். பிள்ளையை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஷெல்லுக்குப் பயந்து மணலில் வெட்டிய பங்கருக்குள், தறப்பாள் கூரைக்குக் கீழே, நானும் பிள்ளையும் இருந்தோம். கஞ்சியும் கிடைக்காத நாட்களில் என் பால் வற்றிப்போனது. பக்கத்துப் பங்கரில் இருந்த ஒரு புண்ணியவதி தகரப் பேணியில் அரைவாசி பால்மா தந்தாள்.

எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி வேறு பானையில் போடுவார். கோயிலுக்கான பிடியரிசி. வீட்டில் இல்லாத நாளில் எங்களையும் அதுதான் காப்பாற்றும். அந்தப் பழக்கம் என் கையில் ஊறிப்போனது. இங்கே மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினாலும், ஒரு பிடி எடுத்துப் போத்தலில் போடாமல் நான் உலை வைப்பதில்லை. பங்கரிலும் அதைத்தான் செய்தேன். இரண்டு கரண்டி பால்மா கரைக்க வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி கரைத்தேன். மற்றக் கரண்டி நாளைக்கு.

பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கணவர் தொலைபேசியில் கேட்டபோது, காய்ச்சல் என்று சொன்னேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அது காய்ச்சலாகவே இருந்தது.

ஏழாம் தொட்டியைத் தாண்டித்தான் மற்றத் தொட்டிகளுக்குப் போகவேண்டும். குஞ்சுகள் கண்ணாடி மாதிரி, உள்ளே எல்லாம் தெரியும். ஆறாம் தொட்டியில் வயிற்றில் தீனி தெரிந்தது. ஏழாம் தொட்டியில் வயிறு ஒரு வெறும் கோடு. நாளாக ஆக அவை தலை கீழே தொங்கிக் கிடந்தன. பசித்தவனைப் பார்க்க வைத்துச் சாப்பிடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆய்வாளர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், வாளியில் இருந்த தீனி முழுவதையும் ஏழாம் தொட்டியில் ஊற்றினேன். அளக்கவில்லை. கொஞ்சமும் மிச்சம் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு குஞ்சை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அதன் வாய்க்கு முன்னாலேயே தீனி மிதந்து போனது. கண் உயிரோடு இருந்தது. வாய் திறக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். கரண்டியைப் பிள்ளையின் உதட்டில் வைத்ததும், பால் கன்னத்தால் வழிந்து என் கையில் விழுந்ததும் நினைவில் திரும்பி வந்தன. உருப்பெருக்கியின் விளக்கை அணைத்துவிட்டு, போய் வாளியைக் கழுவினேன்.

அடுத்த நாள் ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார். தொட்டித் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கியிருந்தது. நான் மறுக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துபோனது. இந்த மீன் வருடத்துக்கு ஒருமுறைதான் முட்டை போடும், ஒரு வருட வேலை போய்விட்டது என்றார். என்னை வேலையால் நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் செய்தாய் என்று கேட்டார்.

"பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முழுக்கப் பட்டினி போடாமல் கொஞ்சம் கொஞ்சமாவது கொடுத்தால், சாப்பாடு வரும் வரைக்கும் தாங்கும்தானே?" என்று கேட்டேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். பெரிய மீன் தாங்கும், குஞ்சு தாங்காது என்றார். அதன் உடம்பில் சேர்த்து வைக்க இடமில்லை. அரைகுறையாகச் சாப்பிட்டால் வளராது, வளராத குஞ்சு தப்பாது. "குஞ்சுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு வயிறு நிறைய வேண்டும்" என்றார்.

மீனைப் பற்றித்தான் சொன்னார். அவருக்கு என் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும், மிச்சம் பிடித்ததால்தான் அவன் அந்தளவு நாளாவது இருந்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ஆறுதலும் அன்றோடு போனது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சமையல். கணவர் மேசையடியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அரிசிக்குள் கையை விட்டேன். பிடியை அள்ளிய கை வெளியே வரவில்லை.

"என்ன, ஏன் நிக்கிறீர்?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு வந்தது காய்ச்சல் இல்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பேணியை, கரண்டியை, நாளைக்கு என்று மிச்சம் பிடித்ததை. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"கடைசியா எப்ப குடிச்சவன்?"

"வெள்ளிக்கிழமை காலமை. ஒரு கரண்டிதான் கரைச்சனான். அதுவும் வழிஞ்சிட்டுது."

"பேணியில?"

"கால்வாசி கிடந்தது."

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வீட்டுக்காரர் மரத்துக்குக் கட்டியிருந்த குளிர்காலச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கணவர் வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டி ஒதுக்கினார்.

"அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டிருப்பியளோ?"

அவர் எழும்பி வந்து என் கையை விரித்து, பிடியரிசியைச் சட்டிக்குள் விழுத்தினார். பிறகு அலுமாரித் தட்டில் இருந்த போத்தலை எடுத்துத் திறந்து, அதிலிருந்த அரிசி முழுவதையும் கொட்டினார். சட்டி கொள்ளாமல் பெரிய பானையை எடுத்தார். உலை கொதிக்கும்வரை இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே நின்றோம்.

அன்றைக்கு வடித்த சோறு பத்துப் பேருக்குக் காணும். எதிரெதிரே இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். எவ்வளவு சாப்பிட்டும் அது முடியவில்லை. கடைசியில் நான் எழும்பி, மிச்சத்தை நாளைக்கு மூடி வைக்க ஒரு பாத்திரம் தேடினேன். தேடிய கையைக் கண்டதும் அப்படியே தரையில் குந்தியிருந்து அழுதேன்.