எனக்கு முன்னால் வந்த நான்கு பேர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, குன்னம் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. நடக்க முடியாத குழந்தைகளுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பிசியோதெரபி முடித்த வேகம் வேறு. ஊரையே எழுந்து நடக்க வைத்துவிடலாம் என்ற நினைப்பில் இருந்தேன்.

முதல் வீட்டில் ஏழு வயதுச் சிறுமி. படிவத்தைப் பிரித்தேன். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள் பதில்களை ஒப்பிக்க ஆரம்பித்தார். பிறந்த எடை, உட்கார்ந்த வயது, குடிநீர், கழிப்பறை, எல்லாம் படிவத்தில் இருந்த அதே வரிசையில்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே அக்கா."

"நீங்க அஞ்சாவது ஆளு மேடம். எல்லாரும் இதத்தான் கேட்டாங்க. எழுதிக்கங்க."

சிரித்துவிட்டு, அவள் பிடித்து நடக்கக் கொண்டுவந்திருந்த வாக்கரை எடுத்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேலைய வுட்டு எப்ப போவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. ஒரு சார் வந்து நிக்க வச்சாரு, மூணே மாசத்துல போயிட்டாரு. அடுத்து வந்தவங்க திரும்பப் படுக்கவச்சு மொதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. இவ இப்ப நிக்கவே பயப்படறா. கொஞ்ச நாள்தான்னா உக்காந்து செய்யறத மட்டும் சொல்லிக்குடுங்க."

என் கைப்பேசியில் சென்னை மருத்துவமனை ஒன்றின் நேர்காணல் அழைப்பு இருந்தது, அடுத்த வாரத்துக்கு. பொய் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

சிறுமி அம்மாவிடம் கேட்டாள்: "அப்ப இந்தக்கா பேரக் கத்துக்க வேணாமாம்மா?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு ரோஷம். யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது: "நீ தனியா பத்தடி நடக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நேர்காணலுக்குப் போகவில்லை. அம்மாவுக்கும் ஒவ்வொரு பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தேன். பதினோரு மாதம் பிடித்தது. ஒருநாள் தெருவில் காயப்போட்ட மக்காச்சோளம் வரைக்கும் வாக்கர் இல்லாமல் பத்தடி நடந்தாள். நடந்து முடித்துத் திரும்பி, மூச்சு வாங்க, பெரிய மனுஷி மாதிரி அனுமதி கொடுத்தாள்:

"இப்ப நீங்க போலாங்க்கா."

போகவில்லை, அடுத்தது மாடிப்படி என்றேன். இப்போதெல்லாம் புது வீட்டுக்குள் நுழைந்ததும், எத்தனை மாதம் இருப்பேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகுதான் எந்த அம்மாவும் குழந்தையை என் கையில் நம்பித் தருகிறார்.