நிலாவுக்குப் போக மச்சான் பிடித்த கயிறு

மனிதன் நிலாவுக்குப் போய் வந்த செய்தியை எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. போனதைக்கூட ஒப்புக்கொண்டார்கள்; திரும்பி வந்ததைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அந்தக் கட்சிதான். கடைக்காரர் ஒரு பிஸ்கட்டைச் சும்மா நீட்டினாலும் ஏன் என்று கேட்கிற பிறவி நான். அனுப்புகிறவனுக்கு வேண்டாதவன் எவனோ அவனைத்தான் ராக்கெட்டில் ஏற்றியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஈப்போ நகருக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு இளைஞர் மன்றம் நாடகம் போடும். அந்த வருஷம் நிலாப் பயண நாடகத்தை நான்தான் எழுதினேன். கதாநாயகனும் நானே. மரப்பால் வந்து சேரும் பால் கொட்டகைதான் மேடை. அதன் பரணில் வெள்ளை அடித்த தகரத்தைப் பரப்பினோம், அது நிலா. உத்தரத்தில் கப்பி கட்டி, கயிற்றில் ஆளை மேலே இழுக்க வேண்டும். முதல் காட்சியில் சாப்பாட்டுச் சரக்கு மட்டும் போய் வரும். அடுத்த காட்சியில் நான். சரக்குக்கு ஒன்றும் ஆகாவிட்டால் ஆளுக்கும் ஆகாது என்பது என் திட்டம்.

கயிறு இழுக்க மன்றத் தலைவர் ஒருவரைக் கூட்டி வந்தார். என் மனைவியின் அண்ணன். லகாட் ஈயச் சுரங்கத்தில் சங்கிலியும் கப்பியுமாகப் பிழைக்கிறவர். எங்கள் கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவை எழுப்பி விட்டார் என்று மூண்ட சண்டையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அது போதாதென்று, மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு பாகான் செராயில் இருக்கும் தாய் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி இரண்டு முறை ஆள் வந்து போனது. அவளும் கேட்டு அழுதாள். நான் மசியவில்லை. அடுத்த லயத்து வரிசை வீட்டில் ஒருவன் இப்படித்தான் மனைவியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டு, தீபாவளியைத் தனியாகக் கொண்டாடிக்கொண்டிருந்தான். சண்டை போட்ட வீட்டுக்குப் போனவளைத் திருப்பி அனுப்புவார்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. சரக்குக்குப் பதிலாகக் கட்டிப்பால் மூட்டை, அதாவது கோப்பையில் உறைந்துபோன ரப்பர் பால். மேலே போகும்போது மூட்டை அலுங்காமல் போகும். கீழே வரும்போது மச்சான் கயிற்றை விட்டுவிடுவார். தொப்பென்று விழும். விழுந்ததும் அவர் மூட்டையைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். மெதுவாக இறக்கச் சொல்லுங்கள் என்று தலைவரிடம் சொன்னேன். மூட்டைக்கு வலிக்காது என்று சொல்லச் சொன்னார் மச்சான், இரண்டடி தள்ளி நின்றுகொண்டே. வேஷத்தை விட்டுக்கொடுத்தால் பயந்தாங்கொள்ளி என்று தோட்டமே சிரிக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் இடுப்பு முறியும். கயிற்றைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தேன்.

திருவிழா அன்று சாயங்காலம் கொட்டகை நிறைய சனம். மூட்டை போனது, வழக்கம்போல் விழுந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு என்னை ஏற்றினார்கள். குலுங்காமல் போய்ச் சேர்ந்து, நிலாவில் அம்மனின் மஞ்சள் கொடியை நட்டேன். இறங்கும்போது பாதி வழியில் கயிறு நின்றது.

கீழே, சுவரோரத் திரைக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி மச்சான். நாதஸ்வரக்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்ததால் அவர் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

“மாப்ள, தங்கச்சிய அனுப்பி வைங்க.”

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“மொதல்ல எறக்குங்க மச்சான். கீழ வந்து பேசலாம் லா.”

“எறக்கிட்டா பேச மாட்டீங்க.”

நான் காலை உதைத்தேன். அதுவும் நடிப்பு என்று நினைத்து சனம் கைதட்டியது.

“மூட்டையில உசுரு இல்ல, அதான் விட்டேன். ஒங்களயும் அப்படி விடுவேன்னுதானே இத்தன நாளா மொறச்சிக்கிட்டு இருந்தீங்க? அவள கொண்டாந்து விடுறது என் பொறுப்பு மாப்ள.”

சரி என்றேன். தொங்குகிறவன் வேறு என்ன சொல்வான்? கயிறு பிடிபிடியாக நகர்ந்தது. என் கால் தரையில் பட்டது எனக்கே தெரியவில்லை. நாடகம் முடிந்து தேடினேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். உயரத்தில் வைத்து வாங்கிய வாக்கு செல்லாது என்று இரவெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். மறுவாரம் அவளை பஸ் ஏற்றினேன்.

ஆண் குழந்தை என்று தகவல் வந்தது. மூன்றாம் மாதம் கூட்டி வருவதாகச் சொன்ன நாளில் காலையிலேயே ஈப்போ பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். முதல் பஸ்ஸில் அவர்கள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த மச்சானை என்ன செய்யலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது மத்தியான பஸ் வந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக அவர் இறங்கினார். பாகான் செராய் அரிசி ஒரு மூட்டை கொண்டு வந்திருந்தார். அதை என் காலடியில் தொப்பென்று போட்டார்.

பிறகு படியில் நின்ற தங்கையிடமிருந்து குழந்தையை வாங்கினார். அதன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாக, என் கைகளில் இறக்கினார்.