சித்தப்பாவின் சத்தப் பயிற்சி

எங்கள் சித்தப்பா பேருந்து நடத்துனர். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் வேலை. உலகத்தில் எந்தச் சிக்கலையும் விசில் ஊதித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். என் கராத்தேச் சிக்கலையும் அப்படித்தான் தீர்க்கப் பார்த்தார்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடியில் கராத்தே வகுப்பு நடந்தது. எனக்கு எதிராளியோடு மோதும் சண்டையைவிடக் கட்டாதான் உயிர். கட்டா என்றால், எதிரே ஆளே இல்லாமல் அடியும் உதையும் தடுப்புமாக ஒரு வரிசையைத் தனியாகச் செய்து காட்டுவது. வகுப்பில் அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் முதல் போட்டியில், பாதிக் கட்டாவில் இருக்கும்போது கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்த மாத்திரத்தில் அடுத்த அடி மறந்துபோனது. நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன், பிறகு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் பேசினார். "ஜெயிச்சே ஆவணும்னு நான் சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி பாதியில எறங்கி வந்தீனா அதோட நிறுத்திக்க. அந்த நேரத்துல டியூசனுக்குப் போ." கராத்தே இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சித்தப்பாதான் வைத்தியம் சொன்னார். "உனக்குக் கை காலெல்லாம் நல்லாத்தான் கீது பாப்பா. மனசுதான் வீக்கு. பஸ்ல அத்தினி பேரு கத்திகினு வர்றான், நான் டிக்கெட் கிழிக்காம இறங்கி ஓடிட்டேனா? சத்தத்துல பழகணும், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மொட்டை மாடியில் பயிற்சி தொடங்கியது. நான் நடுவில் கட்டா செய்ய வேண்டும், மற்றவர்கள் என்னைக் குலைக்க வேண்டும். சித்தப்பா காதருகே விசில் ஊதினார். அக்கா தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டே என் கணக்கு மதிப்பெண்களை ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்த, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணன், சத்தம் தாங்காமல் சண்டை போட ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கீழே போய் ஸ்பீக்கரோடு திரும்பி வந்தார்.

அம்மா மட்டும் சேரவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். "நீங்களும் ஒரு தட்டு எடுத்துத் தட்டுங்க அண்ணி" என்று சித்தப்பா கூப்பிட்டால், "எனக்கு வேல கீதுப்பா" என்பாள். அம்மாவுக்குக் கராத்தேயில் அக்கறையே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் அழுகையாக வந்தது. அடி மறந்தது, திசை மறந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. விசில் கேட்டால் உதை உயர்ந்தது. கரண்டி ஓங்கினால் குத்து இறுகியது. ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன்.

ஆவடியில் போட்டி. அம்மா ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ள, குடும்பத்தோடு மின்சார ரயில் ஏறினோம். அரங்கத்துக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியொரு இரைச்சல். கைத்தட்டல், கூச்சல், ஒலிபெருக்கியில் பெயர்கள். இது போதாது, இன்னும் கத்துங்கள் என்று மனசுக்குள் குதித்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் ஏறக்குறைய ஓடினேன்.

வணங்கி நிமிர்ந்தால், கேலரி பெஞ்சின்மேல் ஏறி நிற்கிறார் சித்தப்பா. இரண்டு கைகளையும் தூக்கி, நடத்துனர் குரலில் கூட்டத்திடம் சொல்கிறார்: "யாரும் சத்தம் போடாதீங்க. எங்க பாப்பா பயந்துக்கும்."

அத்தனை வாரம் என் மனசைத் தேற்றியவர், கடைசி நிமிடத்தில் தன் மனசைக் கோட்டைவிட்டார். அந்தக் குரலுக்கு அரங்கமே அடங்கியது. மின்விசிறி ஓசை மட்டும் கேட்டது.

அமைதியில் கட்டா செய்து எனக்கு எத்தனையோ நாளாகியிருந்தது. தொடங்கிவிட்டேன். திரும்பினேன், தடுத்தேன், குத்தினேன். போன முறை நின்ற அதே திருப்பத்தில் கால் நின்றது. மண்டை காலி. அடுத்து உதையா, தடுப்பா? அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா விசிலை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவ்வளவுதான், நாளை முதல் டியூசன் என்று நினைத்தேன்.

டங்கென்று ஒரு சத்தம். அம்மாவின் தூக்கு மூடி கேலரிப் படிகளில் விழுந்து, ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு இறங்கி, தரையில் வெகுநேரம் சுழன்றது. எல்லாரும் திரும்பினார்கள். என் கால் தானாக எழும்பி உதைத்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. கடைசிக் குத்தில் நான் போட்ட கத்தலில் எனக்கே காது அடைத்தது.

மூன்றாம் இடம். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதக்கத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அப்பா, ஸ்டேஷன் வரை திருப்பித் தரவில்லை. எல்லாம் தன் பயிற்சிதான் என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நல்ல நேரம் பார்த்து மூடியைப் போட்டியேம்மா, மானமே போச்சு" என்று நான் அம்மாவைக் கேலி செய்தேன்.

"கை நழுவிப்போச்சுடி" என்றாள் அம்மா.

பிளாட்பாரத்தில் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா தூக்கை என்னிடம் நீட்டித் திறக்கச் சொன்னாள். மூடி அசையவில்லை. மடியில் இடுக்கி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறந்தேன். இவ்வளவு இறுகிய மூடி எப்படித் தானாக நழுவி விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அப்போது பசி.