விளக்கு வைக்கும் முன்

காலை எட்டேகாலுக்கு ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறினால், திண்டுக்கல் ஜவுளிக்கடையில் சேலை விரித்து, மடித்து, மறுபடி விரித்து, நான் வீடு திரும்ப ஏழேகால் ஆகும். கடையில் எங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்காரத்தான் நேரம் கிடையாது. வீங்கின காலோடு இறங்கினால் பஸ் ஸ்டாப்பில் எங்கள் நாய் நிற்கும். என் வீட்டுக்காரர் தவறிப்போவதற்கு முந்தின வருஷம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குட்டி அது. அவர் இருந்தவரைக்கும் அவரோடு காட்டுக்குள் ஓடும், நகம் தானாகத் தேயும். இப்போது பகலெல்லாம் சிமெண்ட் தரையில் படுக்கை. கறுப்பு நகம் கொக்கி மாதிரி வளைந்து, நடந்தால் டக் டக்கென்று சத்தம் வந்தது. கேட்டேன்தான். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே நாளை ஓட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அது என் மாமியார் மடியில் காலைப் போட்டு ஏறியதில் அவர் முழங்கைத் தோல் கிழிந்துவிட்டது. எழுபது வயது, சர்க்கரை உடம்பு. சின்னக் காயம்கூட மாசக்கணக்கில் ஆறாது. ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்த கொழுந்தனார் குதித்தார்.

"மதினி, இது சரிப்படாது. வர்ற வியாழக்கிழமை காலையில வண்டியோட வாரேன். செம்பட்டித் தோப்புல கட்டிப் போட்ருவோம். அங்கன காவலுக்கும் ஆச்சு."

"நான் நகத்த வெட்டிப்புடுறேன் தம்பி."

"வெட்டிட்டா இருக்கட்டும். இல்லாட்டி நான் தூக்கிருவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து சங்கிலி அறியாத நாய் அது. வியாழனுக்குள் வெட்டியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில், உலையை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு காரியம் பண்ணினேன். மாமியார் வெற்றிலைப் பெட்டியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தேன். கொட்டைப்பாக்கையே நறுக்குகிறது, நகம் என்ன பெரிய நகம்! ஒரே வெட்டு. நாய் வீல் என்று கத்தியது. தரையெல்லாம் ரத்தம். மஞ்சளை அள்ளி அப்பிப் பத்து நிமிஷம் பிடித்திருந்தேன். பஸ் போயே போய்விட்டது. நாய் கட்டிலுக்கடியில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. மாமியார் பாக்குவெட்டியைக் கழுவியபடி, "என்னையக் கேட்டியாடி?" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனவள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாயைப் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா? வெறும் கையோடுதான் போனேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாக்குவெட்டியா? நல்லவேளைம்மா, உங்க விரல நறுக்கிக்கல."

பிறகு பொறுமையாகத்தான் சொன்னார். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது ரோஸாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் நாய்க்கென்று இருக்கும் நகவெட்டியால் அரிசி அரிசியாக நறுக்க வேண்டும். வெட்டின இடத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்த வேண்டும். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்த வேண்டும். "அவசரத்துல மட்டும் தொடாதீங்க. உங்க கை பதறுனா அதுவும் பதறும்." நகவெட்டி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய். கடையில் எனக்கு வார லீவு அன்றைக்குத்தான். நிதானமாக உட்கார்ந்து நகவெட்டியை எடுத்ததும் மாமியார் எழுந்துவிட்டார்.

"செவ்வாக்கெழம இந்த வீட்ல நகம் விழக்கூடாது."

"அத்தே, இது நாய் நகம்!"

"எந்த நகமா இருந்தா என்ன? வீட்டுக்கு ஆகாது. ஒருத்தனத் தூக்கிக் குடுத்தது பத்தாதா?"

அவர் கணக்கில் செவ்வாய் ஆகாது. வெள்ளியும் ஆகாது. மற்ற நாளில் விளக்கு வைத்த பிறகு ஆகாது. அவர் ஆறு மணி அடித்ததும் சாமி விளக்கை ஏற்றிவிடுவார், நான் வருவது ஏழேகாலுக்கு. காலையில் வெட்டிய லட்சணம்தான் தெரியுமே. "அப்ப உங்க மகன் கொண்டாந்த நாய உங்க இன்னொரு மகனே கொண்டுபோகட்டும்!" என்று கத்திவிட்டு நகவெட்டியை அலமாரியில் எறிந்தேன். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.  அவர் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை கடையில் சேலையை எப்படி விரித்தேனோ தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் நாய் இல்லை.  ஒரு நாள் முன்னதாகவே வண்டி வந்துவிட்டதா? வீங்கின காலை மறந்து நடந்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம். எங்கள் வீடு மட்டும் இருட்டு.

"அத்தே!"

"கத்தாத. இப்பத்தேன் தூங்குது."

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மடியில் நாயின் தலை. பக்கத்தில் நகவெட்டியும் ஒரு கிண்ணத்தில் சோள மாவும். சாயங்காலத்திலிருந்து பன் பிய்த்துப் போட்டு அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறார். சர்க்கரைக்காரிக்குப் பன் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

"ஏன் லைட்டுகூடப் போடாம?"

"இன்னும் விளக்கு வைக்கலடி. சீக்கிரம் உக்காரு."

நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம். மகன் போன துக்க நாட்களைத் தவிர ஒரு நாள்கூட அவர் ஆறு மணி விளக்கைத் தப்பவிட்டதில்லை.

"இருட்டுல எப்படித்தே வெட்ட?"

"ஒம் போனுல டார்ச்சு இல்ல?"

"அது மட்டும் விளக்கில்லையா?"

"அது போனு. வாய் பேசாம வெட்டு."

அவர் போனைப் பிடித்தார். நான் அரிசி அரிசியாக நறுக்கினேன். கரும்புள்ளி தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். திங்கட்கிழமை வெட்டுப்பட்ட காலைத் தொட்டதும் நாய் வெடுக்கென்று இழுத்தது. "ஏலே, ஒண்ணுமில்லப்பு, ஒண்ணுமில்ல" என்று அவர் காதைத் தடவினார். வெட்டுப்பட்ட அந்த ஒரு நகத்தை மட்டும் விட்டுவிட்டோம். மற்றதெல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விழுந்த துண்டுகளைத் தாளில் கூட்டி எடுத்தேன். என் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. அவருக்குக் கால் மரத்துப்போய், நான் கைகொடுத்துத்தான் எழுந்தார்.

எழுந்ததும் சின்ன மகனுக்குப் போன் போடச் சொன்னார்.

"நாளைக்கு வண்டி கொண்டாராதப்பா. நகம் வெட்டியாச்சு."

எதிர்முனையில் கொழுந்தனார் சத்தமாகவே கேட்டார். "எப்பம்மா வெட்டுனீக?"

"விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடிதேன்" என்று சொல்லிவிட்டு, எட்டே முக்கால் மணிக்குத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.