திரியாய் மலையில் கழற்றிய சப்பாத்து

அக்காவை மூன்றாவது தடவையாகப் பெண் பார்த்தது திரியாய் மலையின் உச்சியில். அது பெண் பார்க்கிற சடங்கு என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. தங்கை எனக்கு இருபத்திரண்டு. நாங்கள் வவுனியாவில் இருந்தோம். அப்பா தபாற் கந்தோரில் வேலை. அக்கா அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தாள். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவளுடைய இடது கால் சூம்பி, கொஞ்சம் கட்டையாகவும் போயிருந்தது. சப்பாத்துக் கட்டுகிற ஒருவர் இடது காலுக்கு மட்டும் அடியைத் தடிப்பாக வைத்து ஒரு சோடி செய்து கொடுத்திருந்தார். அதைப் போட்டு, சேலையைத் தழைய உடுத்து, ஆறுதலாக நடந்தாளானால் அவள் தாங்கி நடப்பது புதிய ஆட்களுக்குச் சட்டென்று தெரியாது.

இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு பெண், "பிள்ளையை ஒருக்கால் முற்றம்வரை நடந்து காட்டச் சொல்லுங்கோ" என்றாள். அக்கா போய்த் திரும்பி வந்தாள். அவர்கள் போன பிறகு, இனி ஒருவருக்கு முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று வருடமாக வீட்டில் ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அந்தச் சித்திரை விடுமுறைக்குத் திருகோணமலை போவோம் என்று அப்பா திடீரென்று சொன்னார். லிங்கநகரில் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே நின்று கோணேசர் கோயில், துறைமுகம், பிறகு திரியாய்க்குப் போய் மலையில் இருக்கும் பழைய பௌத்த விகாரைக் கட்டடங்கள். திரியாய் என்றதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட இடம் அது. ஒரு கொப்பியில் குறிப்பெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கொப்பி அவள் மடியில்தான் இருந்தது.

போன அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். அக்கா நனைந்த மணலில் நெடுநேரம் இருந்தாள். உள்ளே துறைமுகத்தில் நின்ற பெரிய கப்பலின் கொடி எந்த நாட்டினது என்று சித்தப்பாவோடு வாதாடினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டு கனகாலம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"நாளைக்குத் திரியாயில ஒரு குடும்பம் வரும். இந்த ஊர் ஆக்கள்தான். அங்க அவைக்கு வயல் இருக்கு. பெடியன் கச்சேரியில அரசாங்க வேலை. அக்காவிட்ட ஒண்டும் சொல்லிப்போடாத."

"காலைப் பற்றி அவைக்குச் சொன்னதோ?"

அம்மா சட்டியை வழித்துக்கொண்டிருந்தார். "சின்னக் குறை எண்டு சித்தப்பா சொல்லியிருக்கிறார்."

"அம்மா, மலையில ஏறவேணுமெல்லோ?"

"அவைதான் அந்த இடத்தைச் சொன்னவை. ஏலாது எண்டால் ஏன் எண்டு கேட்பினம். நாங்கள் முந்திப் போவம். நீ அவளை மெல்ல ஏத்திக்கொண்டு போய் மேல இருத்திப்போடு. அவை வரேக்க இருந்தபடி கதைச்சால் போதும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அவளுக்குச் சரிவந்தால்தானே பிள்ளை, உனக்கும் ஒரு வழி பிறக்கும்."

அந்தக் கடைசி வசனத்தால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த அக்கா, கல்வெட்டைப் பற்றி எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டே நித்திரையானாள்.

விடியவே வாடகைக் காரில் புறப்பட்டோம். வழியில் ஒரு கழிமுகத்தில் பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றிக் கயிற்றில் இழுத்து அக்கரை சேர்க்கும் தட்டைப் படகு ஒன்று இருந்தது. அதைப் பாதை என்பார்கள். அதில் கடந்து, மணல் றோட்டில் குலுங்கி, வெயில் ஏற முன்னமே மலையடிக்கு வந்துவிட்டோம். அப்பா அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். படிகளில் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இடைக்கிடை நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் நிற்கிற இடமெல்லாம் சிரித்தாள்.

மேல்தளத்துக்கு ஏறும் வாசலில் காவற்காரர் ஒருவர் இருந்தார். வயதான, மரியாதையான மனிதர்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போங்கோ பிள்ளையள்" என்றார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. "இவவுக்குக் கால் ஏலாது ஐயா, சப்பாத்தோட விடுங்கோ" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

காவற்காரர் பதில் சொல்ல முன்னமே அக்கா குந்திவிட்டாள். "என்ன அப்பா இது? புனிதமான இடமெல்லோ" என்று வாரை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் சுவரோரமாக வைத்தாள். எழும்பியதும் அவளுடைய உடம்பு இடப்பக்கம் சரிந்தது. வீட்டில் நாங்கள் ஒவ்வொரு நாளும் காணும் நடைதான். அன்றைக்கு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மேலே வட்டம் வட்டமாகக் கல்தூண்கள் நின்றன. நடுவில் தூபி. கிழக்கே தூரத்தில் கடல். அக்காவை ஒரு தூணின் நிழலில் இருத்தினேன். "சுத்திப் பார்க்க வேணும், விடடி" என்றாள். "களைச்சுப் போனீங்கள், கொஞ்சம் இருங்கோ" என்றேன். மூன்று தடவை எழும்பப் பார்த்தாள். மூன்று தடவையும் ஏதாவது கேட்டு இருக்க வைத்தேன்.

பிறகு அவர்கள் வந்தார்கள். தாய், ஒரு மாமன், மாப்பிள்ளை. சித்தப்பா தற்செயலாகக் கண்டவர்போல், "அட, நீங்களும் வந்தனீங்களோ!" என்று சத்தம் வைத்தார். தாய் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து இருந்து படிப்பையும் பள்ளிக்கூடத்தையும் வயதையும் விசாரித்தார். அக்கா கலகலப்பாகப் பதில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. அப்பா சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரிவந்துவிடும் என்று ஒரு பத்து நிமிஷம் நானும் நம்பினேன்.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, "இஞ்ச எங்கயோ ஒரு கல்வெட்டு இருக்காம், எந்தப் பக்கம் எண்டு தெரியேல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும், வாங்கோ காட்டுறன்" என்று அக்கா எழும்பினாள்.

"அக்கா, இருங்கோ" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"ஏன்?"

கையை விட்டேன்.

அவள் முன்னால் நடந்தாள். கல் சுட்டபடியால் கால் இன்னும் தாங்கியது. ஒவ்வொரு அடிக்கும் தோள் இறங்கி ஏறியது. அவளுக்கு அதில் கவனமே இல்லை. கடலால் வந்த வணிகர்களைப் பற்றி, அவர்களைச் சொல்லும் எழுத்தைப் பற்றிக் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை ஒருமுறை அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு தன் நடையைக் குறைத்து அவளோடு சேர்ந்து நடந்தார். கல்வெட்டுப் பாறையருகே அவள் குந்தியிருந்து எழுத்துகளை விரலால் காட்டினாள். அவரும் குந்தியிருந்து கேட்டார்.

தாய் எழும்பவில்லை. மகன் போன திசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, சித்தப்பாவிடம், "நீங்கள் சொல்லேக்க இவ்வளவு எண்டு நாங்கள் நினைக்கேல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலைப்படுகிறவர்போலச் சொன்னார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். அப்பா தூணில் கையை ஊன்றிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது அவர்கள் எங்களுக்கு இளநீர் வெட்டுவித்துத் தந்தார்கள். "யோசிச்சு எழுதுறம்" என்று போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பாதை அக்கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று. இறங்கி நிழலில் நின்றோம். அக்கா என்னைக் கொஞ்சத் தூரம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆர் அவை?"

"சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஆக்கள்."

"பொய் சொல்லாத. அந்த மனிசி ஏன் என்ர வயசைக் கேட்டது? நீ ஏன் என்னை எழும்ப விடேல்ல?"

நான் அழத் தொடங்கினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"வேண்டாம் எண்டு சொல்லுறது அவையின்ர விருப்பம்" என்றாள். "ஆனால் நீங்கள் என்னை அங்க ஒளிச்சு வைச்சனீங்கள். நீயும்தான்."

அப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பாதைக்காரர் கயிற்றை இழுத்து இக்கரைக்கு வந்து சேர்ந்தார். காரில் அந்தக் கொப்பியின் மேல் அம்மா இருந்துவிட்டார். அக்கா அதை இழுத்து எடுக்கக்கூட இல்லை.

இரண்டு கிழமை கழித்துச் சித்தப்பாவின் கடிதம் வந்தது. அப்பா வாசித்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிப் படுத்தார். அக்காதான் எடுத்துச் சத்தமாக வாசித்தாள். குடும்பத்தைப் பிடித்திருக்கிறதாம். இளைய பிள்ளையைக் கேட்கிறார்களாம்.

அம்மா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓம் எண்டு எழுதுங்கோ அப்பா" என்றாள் அக்கா.

"மூத்தவள் இருக்க எப்பிடிப் பிள்ளை?"

"நான் இருந்துகொண்டுதானே இருக்கப்போறன். அவளையும் ஏன் இருத்தி வைக்கிறியள்?"

அடுத்த நாள் அப்பா எழுதிய பதிலை அவளே பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் போட்டாள்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. மறுத்திருப்பேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. மலையில் அவர் தன் நடையைக் குறைத்ததை நான் கண்டிருந்தேன். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. நான் திருகோணமலைக்கு வந்தேன். முதல் பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், அண்டைக்கு உங்கட விருப்பத்துக்கு விட்டிருந்தால் யாரைக் கேட்டிருப்பீர்கள் என்று. "அம்மாதான் சொன்னவ, நான் மறுக்கேல்ல" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

கலியாணம் முடிந்த அந்த மார்கழி விடுமுறையிலேயே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு கிழமை நிற்பதாக எழுதியிருந்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்றார். அவள் இருந்தாள். பஸ்ஸில் சனமோ என்று கேட்டார். ஓம், சனம்தான் என்றாள். பிறகு இரண்டு பேருக்கும் கதை இல்லை. அவர் கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அக்கா குசினிக்கு வந்து, "என்ன மீன் வாங்கினனி?" என்று கேட்டு, கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையே பையை அடுக்கிவிட்டாள். விடைத்தாள் திருத்த வேண்டுமாம். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று கிழமை கிடந்தது. நான் பஸ் நிலையம்வரை கூடப் போனேன். நில்லுங்கோ அக்கா என்று சொல்லத்தான் போனேன். பஸ் வந்தது. அவள் கைபிடியைப் பிடித்து ஏறி, யன்னலோரமாக இடம் பிடித்து, "வெயிலுக்குள்ள நிக்காத, வீட்டை போ" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.