மூன்று ஆண்டுக்கொருமுறை வரும் கடல்

சனிக்கிழமை காலை குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி சிணுங்கியது. கையெல்லாம் செதில். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் நாளைய வாசகங்கள் வந்திருக்கும், அவற்றுக்கு மேலே ஒரு ரோசாப்பூவும் சூரிய உதயமும் கட்டாயம் இருக்கும் என்று தெரியும். ஆவல் பொறுக்காமல் சின்னவிரலால் தட்டிப் பார்த்தேன். பொதுக்காலம் பன்னிரண்டாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. முதல் வாசகம் வேதாகமத்தின் யோபு நூல். மீனை அப்படியே விட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். வீட்டுப் பூனைக்கு அன்று நல்ல காலம்.

உங்களுக்கு இந்த ஒழுங்கு தெரியாமல் இருக்கலாம். கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வரும். இன்று கேட்டதைத் திரும்பக் கேட்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்போதும் நிச்சயமில்லை. உயிர்த்த ஞாயிறு பிந்தி வந்தால் அதன் பின்னால் வரும் திருநாள்களும் பிந்தும். அவை ஏதாவது ஒரு ஞாயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் அந்த ஞாயிற்றின் வாசகம் போயிற்று, இன்னும் மூன்று ஆண்டுகள்.

எனக்கு இதெல்லாம் அத்துப்படியானது இருபத்துச் சொச்ச வயதில். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வேலைக்கு இடையில், மேலாளர் கண்டும் காணாததுபோல் இருக்க, கோயில் வாசகர் பட்டியலை அடிப்பேன். யார் எந்த ஞாயிறு வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவள் நான். அந்த அதிகாரம் தலைக்கேறிப் பட்டியலின் அடியில் ‘மாற்றங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா’ என்று பெரிய எழுத்தில் போடுவேன். பெந்தகோஸ்து ஞாயிற்றுக்கு மட்டும் ஆள் கிடைக்காது. அன்றைய வாசகத்தில் வாயில் நுழையாத நாட்டுப் பெயர்கள் வரிசையாக வரும். எங்கள் கணக்கு ரீச்சருக்கு ஆண்டுதோறும் சரியாக அந்த வாரம்தான் தொண்டை கட்டும்.

வாசகப் புத்தகங்கள் பூசை உடுப்பு அறையின் அலுமாரியில் இருந்தன. கதவைத் திறந்தால் பூச்சி உருண்டையும் மெழுகுதிரியும் உப்புக்காற்றும் கலந்த ஒரு வாசம் வரும். இப்போதும் எங்காவது பூச்சி உருண்டை மணத்தால் எனக்குச் செபமாலை நினைவு வருவதில்லை, பட்டியல்தான் நினைவு வருகிறது. சிவப்பு நாடாவை அந்த வார வாசகத்தில் வைத்து மூடிவிட்டு வருவது என் வேலை. இன்னொன்றும் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சீனன்குடாவில் இருந்து விமானம் எழும்பித் தலைக்கு மேலால் போனால், வசனத்தின் நடுவில் என்றாலும் நிறுத்த வேண்டும், சத்தம் தேய்ந்த பிறகுதான் தொடர வேண்டும். சனமும் பழகிவிட்டது. வாசிப்பவர் நின்றால் எல்லோரும் ஒருமுறை கூரையைப் பார்ப்பார்கள்.

நிற்காமல் வாசித்தவர் ஒருவர்தான், மரியதாஸ் அண்ணன். மூதூருக்கும் எங்கள் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் லோஞ்ச் படகின் ஓட்டுநர். எஞ்சினுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரலுக்கு விமானம் எம்மாத்திரம்? மின்சாரம் நின்று ஒலிவாங்கி வேலை செய்யாத நாள்களில் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்போம். அவருடைய ஒரே மகள் ஜெனிற்றாவுக்கு ஏழு வயது. தகப்பன் வாசிக்கும்போது முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பி, சனம் ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்ப்பாள். நான் ஒருநாள் கொட்டாவி விட்டு அவளிடம் பிடிபட்டிருக்கிறேன்.

2004 நத்தார் பண்டிகைக்கு ஜெனிற்றா கரையோர இறக்கக்கண்டியில் மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த நாள் காலையில் சுனாமி வந்தது. மரியதாஸ் அண்ணன் அப்போது நடுக்குடாவில் லோஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆழத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, படகு சற்று எழும்பி இறங்கியதோடு சரி. கரைக்கு வந்துதான் அறிந்தார். பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை.

அதன் பிறகும் அவர் பூசைக்கு வந்தார். கடைசி வாங்கில், கதவுப் பக்கமாக இருப்பார். வாசிக்க மட்டும் வரவில்லை. அவருடைய பெயரை எடுத்துவிடச் சிலர் சொன்னார்கள். அந்தப் பெயரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரை விட்டுவிட்டு, அவருடைய முறை வரும்போது வேறு யாரையாவது வாசிக்க வைப்பேன்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு சோம்பேறித்தனமான வழக்கம். மூன்று ஆண்டுக்கு முந்திய பட்டியலை எடுத்து, திகதிகளை மட்டும் மாற்றி அடித்துவிடுவேன். வாசகங்கள்தானே திரும்ப வருகின்றன, ஆட்களும் திரும்ப வரட்டும். அலை வந்து ஒன்றரை வருடம் கழித்து வந்த ஆனி மாதத்துக்கும் அப்படியே செய்தேன். பழைய பட்டியலில் மரியதாஸ் அண்ணனுக்கு இருந்தது நற்கருணைத் திருநாள். இந்த முறை உயிர்த்த ஞாயிறு சில நாள்கள் முந்திவிட்டது, திருநாளும் ஒரு வாரம் முன்னால் போய்விட்டது. அவர் பெயருக்கு நேரே வந்து நின்றது பன்னிரண்டாம் ஞாயிறு. நான் பொறுப்பெடுத்த பின் அந்த வாசகம் வந்ததே இல்லை. பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டிவிட்டு, நாடா வைக்கப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கடலைக் கதவு வைத்து அடைத்தவர் தாமே என்று ஆண்டவர், பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவிடம் சொல்கிறார். இதுவரை வரலாம், இதற்கு அப்பால் வரக்கூடாது என்று அலைகளுக்குக் கட்டளை போட்டாராம்.

அன்று பின்னேரமே, அலைக்குப் பிறகு அவருக்குக் கொடுத்திருந்த தற்காலிகப் பலகை வீட்டுக்குப் போனேன். பார்க்காமல் போட்டுவிட்டேன், வேறு ஆளைப் போடுகிறேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பட்டியலைப் பார்த்திருந்தார், வீட்டில் வேதாகமத்தை எடுத்து வாசித்தும் இருந்தார்.

“மாத்த ஏலாது எண்டு நீங்கதானே அடிச்சு ஒட்டியிருக்கிறீங்க,” என்றார். பிறகு, “என்ர பேருக்குத்தானே வந்திருக்கு பிள்ளை. நான் வாசிக்கிறன்.”

ஞாயிறு வந்தது. ஊர் மீண்டும் பதற்றமாக இருந்த காலம், கோயிலில் பாதிச் சனம்தான். அவர் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு ஏறினார். அதே குரல், ஒரு சொல் பிசகவில்லை. அலைகளுக்குச் சொன்ன அந்தக் கடைசி வசனத்தையும் வாசித்து முடித்தார். வாசகம் முடிந்ததும் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று வாசகர் சொல்ல வேண்டும், சனம் ‘இறைவனுக்கு நன்றி’ என்று பதில் சொல்லும். அவர் சொல்லவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பழக்கத்தில் கூரையைப் பார்த்தார்கள். விமானம் எதுவும் போகவில்லை. கூரையில் இருந்து இறங்கிய கண்கள் அவரிடம் வந்தன, அப்புறம் நிலத்துக்குப் போயின. அவர் புத்தகத்தை மூடாமல் இறங்கி நடந்து, கடைசி வாங்கில் போய் இருந்தார். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அந்தக் கோயிலில் நான் செய்த உண்மையான செபம் அந்த மௌனம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பூசை முடிந்து வாசலில் அவரே என்னிடம் வந்தார்.

“வாசிச்சுப்போட்டன். அதை மட்டும் சொல்ல ஏலாமப் போச்சு. அடுத்தமுறை வரேக்க சொல்லுறன்.”

அடுத்தமுறை வந்தபோது அவர் கட்டாரில் இழுவைப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு பின்னேரம் அங்கிருந்து அழைத்தார். வேறு கதை ஒன்றும் இல்லை.

“ஆர் வாசிச்சது?”

“நான்தான் அண்ணன்.”

“முடிவில சொன்னனீங்களோ?”

“ஓம், சொன்னனான்.”

“நல்லது,” என்று வைத்துவிட்டார்.

அதற்கும் அடுத்தமுறை, நாள்களை எண்ணி லீவெடுத்து வந்திறங்கினார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த ஆண்டு பன்னிரண்டாம் ஞாயிற்றின் மேல் அருளப்பர் பிறந்த திருநாள் ஏறி இருந்தது. யோபு இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேரே சொன்னேன். அவர் சிரித்தார். அலைக்குப் பிறகு நான் கண்ட ஒரே சிரிப்பு அது.

“அப்ப இந்தமுறை கடல் வராதாம்,” என்றார்.

அடுத்த வருடம் கட்டாரிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதன் பின் அந்த வாசகம் வந்தும் வராமலும் போயிற்று. ஒருமுறை கொரோனா நோய்க்காலம், கோயிலே பூட்டிக் கிடந்தது. அலுமாரி போய்விட்டது, புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. கதவில் பட்டியல் ஒட்டுவதும் இல்லை, தொலைபேசியிலேயே எல்லாம் வருகிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் அடித்து ஒட்டிய கையை மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன், சொல்லாமல் போனதே சரி என்றும் நினைக்கிறேன். அவரைக் கேட்கத்தான் வழியில்லை.

மீனை விட்டுவிட்டு இருந்த அந்தச் சனிக்கு மறுநாள், ஞாயிறு பூசைக்குப் போனேன். இருபது வயதிருக்கும் ஒரு பிள்ளை, தொலைபேசியைப் பார்த்து அழகாக வாசித்தாள். இதுவரை வரலாம், இதற்கு அப்பால் இல்லை. மூச்செடுக்காமல் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்றாள். சனமும் மூச்செடுக்காமல் ‘இறைவனுக்கு நன்றி’ என்றது. நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய ‘இறைவனுக்கு நன்றி’ பிந்தி, தனியாக, உரத்து வந்தது.

முன் வாங்கில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள்.